முதல் மரதனுக்குத் தயாராவது எப்படி? திருகோணமலையில் ஓடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். முதல்தடவை ஓடுபவர்கள் இடையில் நின்றுபோவதற்கு மனவுறுதிக் குறைவு காரணமாவது அரிது. செய்யவேண்டியதை வரிசை மாற்றிச் செய்வதுதான் அடிக்கடி கண்ட காரணம். கால் பழகுமுன் 20 கிலோமீற்றர் போகிறார்கள், சப்பாத்தைக் கடைசி வாரம் வாங்குகிறார்கள், ஓடும்போது என்ன சாப்பிடுவது என்பதைப் போட்டியன்று காலையில் யோசிக்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

24 வாரம் தேவை. முதல் 8 வாரம் அடித்தளம், அடுத்த 13 வாரம் தூரத்தைக் கூட்டுவது, கடைசி 3 வாரம் குறைப்பது. நிற்காமல் அரைமணி நேரம் மெதுவாக ஓட முடியாதவர்கள் இதற்கு முன்னால் இன்னும் இரண்டு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் போட்டி என்றால் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்க வேண்டும். பயிற்சி முழுவதும் கச்சான் காற்றும் வெய்யிலும் இருக்கும். பெப்ரவரிப் போட்டி என்றால் ஆகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்குவீர்கள். தூரம் கூடிவரும் நவம்பர், டிசம்பரில்தான் எங்கள் ஊரில் மழை கொட்டும். இரண்டும் முடியும். ஆனால் எந்தக் கஷ்டம் எப்போது வரும் என்று தெரிந்து தொடங்குங்கள். மழைக்காலத்துக்கு இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சில ஞாயிறுகள் கட்டாயம் கைவிட்டுப் போகும்.

## 2. வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்

நாற்பதைத் தாண்டியவர்கள், சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நடந்தவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்திருந்தால் வயது எதுவானாலும் போங்கள்.

இன்சுலினோ சில வகைச் சீனிக் குளிசைகளோ எடுப்பவர்களுக்கு நீள ஓட்டத்தில் சீனி மிகக் கீழே இறங்கலாம். மருந்தின் அளவை வைத்தியர்தான் மாற்றித் தரவேண்டும். பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். இரத்தச்சோகை இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் களைப்புத்தான் மிஞ்சும்.

## 3. சப்பாத்தை முதல் மாதமே வாங்குங்கள்

மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; நீள ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துக் கழன்றுவிடும்.

சப்பாத்தைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடிந்தால் விட்டுவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பி வாங்க வேண்டாம், போலிகள் நிறைய வருகின்றன.

ஓட்டச் சப்பாத்து பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் உழைக்கும். இந்தப் பயிற்சியே அதைத் தின்றுவிடும். எனவே போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்பு அதே வகையில் இரண்டாவது சோடி வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். மழைக்காலத்தில் இது இன்னும் உதவும். நனைந்த சோடிக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து நிழலில் வையுங்கள், வெய்யிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும்.

பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். செயற்கை நூல் கலந்தது போதும், விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை.

## 4. முதல் எட்டு வாரம்: மெதுவாக ஓடப் பழகுங்கள்

வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 30 முதல் 45 நிமிடம். ஞாயிறு மட்டும் கொஞ்சம் கூட. எட்டாம் வாரம் முடியும்போது 12 கிலோமீற்றரை நிற்காமலோ இடையிடையே நடந்தோ முடிக்க முடிந்தால் போதும்.

வேகத்துக்கு ஒரே ஒரு அளவுதான். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகப் பேச முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, நடக்கத் தொடங்குங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். ஐந்தாவது வாரம் “இப்ப சுகமாக இருக்கிறதே” என்று தோன்றுவது மூச்சு பழகியதால். அப்போது தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுபவர்களுக்குத்தான் கணைக்கால் எலும்பு நோகத் தொடங்கும். ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் விளையாடிப் பழகிய பொடியன்கள் இதில் அதிகம் அகப்படுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வேகம் இருக்கிறது, மெதுவாக ஓடுவதை வெட்கமாக நினைக்கிறார்கள். தம்பிமார், உங்களை நடந்து வருகிற ஐயா முந்திப் போனாலும் பரவாயில்லை.

வெய்யிலில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பிடிக்க முயல வேண்டாம். உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் இரத்தம் போகவேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். சூட்டுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். கொழும்புக் குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

## 5. பாதையையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்

எங்கள் ஊரில் சூரியன் ஆறு மணியளவில் எழும். ஏழரைக்குப் பிறகு வெய்யில் சுடத் தொடங்கிவிடும். ஆகவே நீள ஓட்டத்தை நாலரைக்குத் தொடங்குங்கள். அதற்கு முதல்நாள் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். வீட்டில் இதை முதலே சொல்லிவைத்தால் சனி இரவு விருந்துகளுக்குக் கோபம் வராது.

குறுகிய ஓட்டங்கள்: மெக்கெய்சர் விளையாட்டரங்கு, டச்சுக் குடாக் கடற்கரை வீதி. கடற்கரை மணலில் தினமும் ஓட வேண்டாம். இளமணல் குதிக்கால் நாணை இழுக்கும், நனைந்த மணல் ஒருபக்கம் சரிந்திருப்பதால் ஒரு முழங்காலுக்கு மட்டும் பாரம் கூடும்.

ஏற்றம்: உவர்மலை, அல்லது பிரெட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதி. வாரத்தில் ஒருநாள் போதும். போட்டிப் பாதை சமதரையானாலும் ஏற்றம் தொடைக்குப் பலம் தரும். கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும், பக்தர்களும் நடப்பார்கள். உடுப்பு அடக்கமாக இருக்கட்டும், கோவிலடிக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

நீள ஓட்டம்: நிலாவெளி வீதி. நகரத்திலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். சமமான வீதி, ஆனால் நிழல் குறைவு. இங்கே நடக்கும் பெரிய பிழை காற்றைக் கவனிக்காதது. கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும். வடக்கே போகும்போது முதுகில் தள்ளுவதால் இலேசாக இருக்கும், எல்லோரும் வேகமாகப் போவார்கள். திரும்பும்போது முகத்தில் காற்று, தலையில் வெய்யில், போத்தலில் தண்ணீர் இல்லை. வாடைக்காலத்தில் இது மறுபக்கமாகும். எனவே ஒரே நீட்டாகப் போகாமல் நகரத்துக்கும் உப்புவெளிக்கும் இடையில் இரண்டு மூன்று சுற்றாகப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டையோ தெரிந்த கடையையோ தாண்டுவீர்கள், தண்ணீர் நிரப்பலாம், முடியாவிட்டால் நிறுத்தலாம்.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் போவதால் நீங்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். பின்னால் வரும் பஸ்ஸை உங்களால் பார்க்க முடியாது. மின்னும் பட்டி, சின்னத் தலைவிளக்கு இரண்டும் வேண்டும். விடியுமுன் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், கறுப்பு மாடு பக்கத்தில் போகும்வரை தெரியாது.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கண்ணை நேரே பார்க்காமல் மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இருட்டில் தனியே போகவேண்டாம், பெண்கள் மட்டுமல்ல யாரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பேசி வேகத்தைக் கட்டுப்படுத்தவும் உதவும். கூட்டம் கிடைக்காத அக்கா, தங்கச்சிமார் வீட்டில் ஒருவரைச் சைக்கிளில் கூட்டிவரச் சொல்லலாம். தண்ணீரும் அவரே கொண்டுவருவார்.

## 6. தூரத்தைக் கூட்டும் பதின்மூன்று வாரம்

ஞாயிறு நீள ஓட்டம் இப்படிப் போகட்டும், கிலோமீற்றரில்: 14, 16, 18, 13, 20, 22, 24, 16, 26, 28, 20, 30, 22.

நடுவில் இறங்கும் எண்களைக் கவனியுங்கள். உடம்பு பலப்படுவது ஓய்வில்தான். “நல்லா இருக்கிறேன்” என்று அந்த வாரத்திலும் கூட்டினால் அடுத்தடுத்த வாரம் கால் கணக்குக் கேட்கும்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் 6 முதல் 10 கிலோமீற்றர். அதில் சனி மிகக் குறைவாகவும் மெதுவாகவும். வாரத்தின் மொத்தம் உச்சத்தில் 50 முதல் 55 வரை வரும். ஞாயிறு மட்டும் ஓடி மற்ற நாள் படுத்துக்கிடந்தால் நீள ஓட்டம் ஒவ்வொன்றும் காயமாகத்தான் முடியும்.

பயிற்சியில் 42 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்து தேற வாரக்கணக்காகும், அதனால் கிடைக்கும் பலனைவிட இழக்கும் பயிற்சி அதிகம். மெதுவாக ஓடுபவர்கள் தூரத்தோடு நேரத்தையும் பாருங்கள். நான்கு மணித்தியாலம் ஆகிவிட்டால் 28இல் நின்றாலும் நிறுத்திவிடுங்கள்.

ஓடுவதும் நடப்பதும் கலந்து போவது முழு மரதன்தான். 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீற்றரிலிருந்தே போனால் கடைசிப் பத்தில் கால் உயிரோடு இருக்கும். களைத்த பிறகு நடப்பதில் அந்தப் பலன் கிடைக்காது.

வாரம் இரண்டு தடவை 15 நிமிடம் வீட்டிலேயே பலப்பயிற்சி செய்யுங்கள்: படிக்கட்டு விளிம்பில் நின்று குதிக்காலை ஏற்றி இறக்குவது, உட்கார்ந்து எழும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது, முழங்கையில் தாங்கிப் பலகைபோல் இருப்பது. நாரி நோவும் முழங்கால் நோவும் இதனால் குறையும்.

## 7. தண்ணீர், உப்பு, சாப்பாடு

இந்தப் பகுதியை 14 கிலோமீற்றர் ஓடும் வாரத்திலேயே தொடங்குங்கள். குடலும் பழகவேண்டிய உறுப்புத்தான்.

வியர்வையை அளப்பது. ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடுப்பில்லாமல், வியர்வையைத் துடைத்துவிட்டு நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். ஒருவருக்கு அரை லீற்றர், இன்னொருவருக்கு ஒன்றரை லீற்றர் என்று வரும். ஆகவே நண்பர் குடிக்கும் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

இழந்தது முழுவதையும் ஓடும்போதே குடித்து ஈடுசெய்யத் தேவையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்புவரை போகலாம். ஓடி முடிய நிறை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

சக்தி. உடம்பில் சேமித்து வைத்த மாச்சத்து பலருக்கு 30 கிலோமீற்றர் அளவில் தீரும். கால் திடீரென்று கல்லாவது அப்போதுதான். இதைத் தள்ளிப்போட ஒரு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போகவேண்டும், முதல் அரைமணி முடியுமுன்பே தொடங்கவேண்டும். பசித்த பிறகு தின்றால் காலம் தாழ்த்திவிட்டது.

ஜீவனியைக் கரைத்துக் குடித்தால் சக்தி வரும் என்று பலர் நம்புகிறார்கள். வயிற்றோட்டத்துக்கான இந்த வகைக் கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. உப்புக்கு நல்லது. மரதனுக்கான சக்தி அதில் கிடையாது.

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மட்ட மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காயின் சாறு. சீனி மட்டும் ஏறத்தாழ 60 கிராம் வரும். சீனியைக் கூட்டினால் வயிறு பிரட்டும். இதோடு கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் சிறிய பையில் வைத்துக்கொள்ளலாம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் மாச்சத்து உண்டு, ஆனால் பையில் நசியும். கடையில் வாங்கும் மாச்சத்து ஜெல் என்றால் தண்ணீரோடு எடுங்கள்.

இளநீரை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். வியர்வையில் கூடுதலாகப் போவது சோடியம், இளநீரில் அது குறைவு.

ஓட்டத்துக்கு முன். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பு பாணும் ஜாமும், அல்லது சீனி போட்ட இடியப்பம். கட்டைச் சம்பல், தேங்காய்ப்பால் சொதி, பொரியல் வேண்டாம். உறைப்பும் கொழுப்பும் 15ஆவது கிலோமீற்றரில் கழிவறை தேடவைக்கும்.

நோன்பு பிடிக்கும் சகோதரர்கள் அந்த மாதத்தில் நீள ஓட்டத்தை நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்து வைத்துக்கொள்ளலாம், தூரத்தைக் கூட்டாமல் காத்துக்கொண்டால் போதும்.

நோவு மருந்து. இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவற்றை ஓட்டத்துக்கு முன்போ இடையிலோ எடுக்க வேண்டாம். நீர் குறைந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

சூட்டு மயக்கம். கூட ஓடுபவர் தள்ளாடினால், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பேசினால், ஓட்டம் அத்தோடு முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வியர்வை வருவதால் பயமில்லை என்று எண்ண வேண்டாம்.

## 8. எந்த நோவுக்கு நிறுத்துவது

இரண்டு தொடையிலும் சமமாக வரும் உளைவு என்றால் ஓடலாம். ஒரு காலில் மட்டும், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில், ஓட ஓடக் கூடும் நோவு என்றால் நிறுத்துங்கள். கணைக்கால் எலும்பிலோ பாதத்திலோ அப்படி இருந்தால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம், வைத்தியரைப் பாருங்கள். நொண்டியபடி ஓடினால் மறுகாலும் கெடும்.

காய்ச்சல் என்றால் ஓட்டமே இல்லை. மழைக்காலத்தில் டெங்கு இருக்கலாம் என்பதால் இபுபுரூபன், அஸ்பிரின் வகைகளைத் தொடாமல் பரசிட்டமோல் மட்டும் எடுத்து இரத்தம் சோதியுங்கள்.

தவறிய நாட்களை அடுத்த வாரம் சேர்த்து ஓடக்கூடாது. ஒரு வாரம் தவறினால் அட்டவணையில் அன்றைய இடத்திலிருந்து தொடருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டால் போட்டியை அரை மரதனாக மாற்றுவதுதான் சரி.

## 9. முழு ஒத்திகை

30 கிலோமீற்றர் ஓட்டத்தைப் போட்டி நாள் போலவே செய்யுங்கள்: அதே உடுப்பு, சப்பாத்து, எழும்பும் நேரம், சாப்பாடு, பானம். தொடை, அக்குள், முலைக்காம்பு, உள்ளாடை விளிம்பு ஆகிய இடங்களில் வஸலின் பூசுங்கள். எங்கே உரசுகிறது என்பது இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும், குளிக்கும்போது எரியும் இடத்தைக் குறித்துவையுங்கள்.

## 10. கடைசி மூன்று வாரம்

உச்ச வாரத்தின் தூரத்தில் முதலில் முக்கால், பிறகு பாதி, கடைசி வாரம் கால்வாசி. ஓடும் நாட்களைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் குறையுங்கள். உடம்பு பாரமாகவும் மனம் பதற்றமாகவும் இருக்கும், அது வழக்கம். “ஒருக்கா 25 ஓடிப் பார்ப்பம்” என்று இந்த நேரத்தில் போனவர்கள் களைத்த காலோடுதான் தொடங்குவார்கள்.

போட்டி கொழும்பில் என்றால் இரவு பஸ்ஸில் போய் விடியக் காலையில் இறங்கி அப்படியே ஓடலாம் என்று திட்டமிட வேண்டாம். பயணம் ஆறேழு மணித்தியாலம், நித்திரையும் இருக்காது. இரண்டு நாள் முன்பே போங்கள், முதல்நாள் இரவு பதற்றத்தில் தூக்கம் வராவிட்டாலும் அதற்கு முந்திய இரவு கைகொடுக்கும். சப்பாத்து, ஓட்ட உடுப்பு, பானத்துக்கான பொருட்கள் எல்லாம் மடியில் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும். சோறு, உருளைக்கிழங்கு, பாண் இவற்றைக் கடைசி இரண்டு நாள் சற்றுக் கூட்டி, மரக்கறி நாரையும் உறைப்பையும் குறையுங்கள்.

## 11. போட்டி நாள்

கிலோமீற்றருக்கு 7 நிமிடம் 30 செக்கன் என்றால் 5 மணி 16 நிமிடத்தில் முடியும். 8 நிமிடம் என்றால் 5 மணி 38 நிமிடம். போட்டிக்கு நேர எல்லை எவ்வளவு என்று பதிவுசெய்யும்போதே பாருங்கள்.

முதல் 10 கிலோமீற்றரை நினைத்த வேகத்தைவிடக் கிலோமீற்றருக்கு 15 செக்கன் மெதுவாக ஓடுங்கள். கூட்டத்தின் உற்சாகத்தில் இதுதான் மிகக் கடினமான வேலை. 10 முதல் 30 வரை நினைத்த வேகம். மீதி 12இல் கால் எப்படி இருக்கிறதோ அப்படி. தண்ணீர் மேசைகளில் நின்று, நடந்து, முழுதாக விழுங்கிவிட்டுப் போங்கள். வெய்யில் எதிர்பார்த்ததைவிடக் கடுமையானால் தொடக்கத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், 30க்குப் பிறகு குறைத்தால் பயன் இல்லை.

## 12. முடித்த பிறகு

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்கார வேண்டாம். திடீரென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடந்து, உப்பும் சீனியும் கலந்த பானம் குடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் சோறோ பாணோ முட்டையோடு சாப்பிடுங்கள். சுடுநீர்க் குளியல் அன்று வேண்டாம்.

சிறுநீர் கொக்காகோலா நிறத்தில் போனாலோ, பல மணித்தியாலம் சிறுநீரே வராவிட்டாலோ, வைத்தியசாலைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அபாயம் அது.

முதல் வாரம் நடை மட்டும். உப்புவெளியில் கடல் அமைதியான காலம் என்றால் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது காலுக்கு நல்ல ஆறுதல், தசைப்பிடிப்பு வரக்கூடிய காலோடு ஆழத்துக்கு நீந்த வேண்டாம். இரண்டாம் வாரம் 20, 30 நிமிட மெது ஓட்டம் இரண்டு மூன்று. நீள ஓட்டத்துக்குத் திரும்ப ஒரு மாதம் விடுங்கள், படிக்கட்டு இறங்கும்போது நோவு இருந்தால் அதற்கு மேலும்.